குளுக்கோஸ் தண்ணீரா, கையில் ஒட்டும் சென்சாரா? கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க எதை நம்புவது

கர்ப்பம் ஆறாம் மாதத்தைத் தொடும்போது டாக்டர் சீட்டில் ‘ஜிடிடி’ என்றோ ‘ஜிசிடி’ என்றோ எழுதித் தருவார். ஒரு தம்ளர் நிறைய, திகட்டத் திகட்டக் குளுக்கோஸ் தண்ணீர். அப்புறம் இரண்டு மணி நேரம் லேப் பெஞ்சில் காத்திருப்பு. கையில் ஒன்றோ மூன்றோ ஊசி. மசக்கை இன்னும் விடாதவர்களுக்கு இது பெரும்பாடு. இன்னொரு பக்கம், மேற்கையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரம் சர்க்கரையைக் காட்டும் சென்சார் இப்போது மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ‘அதை ஒட்டிப் பார்த்தால் போதாதா, இந்தத் தண்ணீரை எதற்குக் குடிக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நியாயமான கேள்விதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க இன்றைய நிலையில் குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனைதான். சென்சாருக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ‘சென்சார் துல்லியமில்லை, அதனால் வேண்டாம்’ என்று பலர் சொல்லும் காரணம் முழுக் காரணம் இல்லை. சென்சார் நாளை நூறு சதவீதம் துல்லியமாகிவிட்டாலும் இந்தச் சிக்கல் தீராது.

எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதை ஈடுகட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஈடுகட்ட முடியாதபோது தாயின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் கணையம் அதைச் சமாளிக்க இன்சுலினைக் கொட்டுகிறது, குழந்தை கொழுப்புப் போட்டுப் பெருத்துப்போகிறது. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும், அதனால் குழந்தைக்குச் சர்க்கரை சடாரென இறங்கும். தாய்க்கு வெளியே தெரிகிற அறிகுறி பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எனவே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடுவது சரி, எந்த எண்ணைத் தாண்டினால் நோய் என்பது? இந்தக் கேள்விக்காகவே ஹேப்போ என்ற ஆய்வு நடந்தது. 9 நாடுகளில் 15 மையங்களில் சுமார் 25,000 கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தார்கள். மிக அதிகமாக இருந்தவர்களைத் தவிர மற்றவர்களின் முடிவைப் பெண்ணுக்கும் டாக்டருக்கும் காட்டாமல் மூடிவைத்து, பிரசவம் வரை பின்தொடர்ந்தார்கள். 2008இல் வந்த முடிவு கொஞ்சம் சங்கடமானது. சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடை, சிசேரியன், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது எல்லாமே படிப்படியாகக் கூடிக்கொண்டே போயின. இதுவரை ஆபத்தில்லை, இதற்கு மேல் ஆபத்து என்று சொல்லும்படி ஓர் இடமே இல்லை.

ஆகவே எல்லைக்கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டியிருந்தது. சராசரி சர்க்கரை உள்ள பெண்ணோடு ஒப்பிட்டால் ஆபத்து 1.75 மடங்காகும் இடத்தில் போடலாம் என்று 2010இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு முடிவு செய்தது. வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் (டெசிலிட்டருக்கு). மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றது.

இந்தக் கோடு எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஒரு பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 95, இரண்டு மணி நேரத்தில் 135 என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அவருக்குச் சர்க்கரை உண்டு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு போட்ட கோடு வெறும் வயிற்றில் 5.6 மில்லிமோல், அதாவது சுமார் 101, இரண்டு மணி நேரத்தில் சுமார் 140. அங்கே அவருக்குச் சர்க்கரை இல்லை. இன்னொருவருக்கு வெறும் வயிற்றில் 85, ஒரு மணி நேரத்தில் 170, இரண்டு மணி நேரத்தில் 145. இப்போது தலைகீழ்: லண்டனில் உண்டு, உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இல்லை. லண்டனில் பிரசவம் பார்க்கிற நம் பெண்களும் அவர்களுக்கு ஊரிலிருந்து ஆலோசனை சொல்கிற அம்மாக்களும் குழம்புவது இதனால்தான். யார் லேப்பும் தவறு செய்யவில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனையின் பலம் அதன் ஊசியிலோ இயந்திரத்திலோ இல்லை. அதில் வருகிற ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், ‘இந்த எண் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று’ என்ற பதிவு இருக்கிறது. சென்சார் தரும் எண்களுக்கு அந்த அளவில் இப்படி ஒரு பதிவு இன்னும் இல்லை.

சென்னையில் பிறந்த சோதனை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் நடப்பது மேலே சொன்ன மூன்று ஊசிச் சோதனை இல்லை. பெண் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் வெறும் வயிற்றோடு வந்திருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சோதனை. 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் சோதனை தொடரும்.

டிப்சி முறை என்று பேர் பெற்ற இதை வளர்த்தெடுத்தவர் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அவர் குழு தமிழ்நாட்டில் நடத்திய கணக்கெடுப்பில் நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கு இந்தச் சர்க்கரை தெரிந்தது. கிராமத்தில்கூடப் பத்தில் ஒருவர். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று 2007இலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டுதலும் இதே முறையைத்தான் சொல்கிறது: முதல் முறை பரிசோதனைக்கு வரும்போது ஒன்று, அப்போது இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று.

இந்த முறையில் குறை உண்டு, அதுவும் சின்னக் குறை இல்லை. சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டைக் கணக்கில் கொள்ளாமல் செய்யும் சோதனையையும் வெறும் வயிற்றுச் சோதனையையும் ஒரே பெண்களுக்குச் செய்து ஒப்பிட்டார்கள். வெறும் வயிற்றுச் சோதனையில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரைத்தான் மற்றது பிடித்தது. ஆனால் சர்க்கரை இல்லாதவர்களை ‘உண்டு’ என்று அது தவறாகச் சொன்னது மிக அரிது. வேறு ஆய்வுகளில் இவ்வளவு மோசமான முடிவு வரவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை கூடியிருக்கும் பெண்ணை டிப்சி முறை தவறவிட வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் அதன் அமைப்பிலேயே தெரிகிற விஷயம். வெறும் வயிற்று அளவை அது எடுப்பதே இல்லையே.

ஆனாலும் நான் இந்த முறையின் பக்கம்தான். காலை ஆறு மணிப் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா என்று ஒரு கர்ப்பிணியிடம் சொன்னால், பாதிப் பேர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், இல்லை வரவே மாட்டார்கள். வந்த அன்றே, வந்த நிலையிலேயே சோதித்து அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது செவிலியர்களைக் கேட்டால் தெரியும். செய்யாமல் விட்ட உயர்தரச் சோதனை யாரையும் கண்டுபிடிக்காது.

மூன்று ஊசிச் சோதனை எங்கே வழுக்குகிறது

தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும், காலையில் வெறும் வயிற்றோடு போக வசதி உள்ளவர்களுக்கும் மூன்று ஊசிச் சோதனைதான் என் தேர்வு. ஆனால் இதைத் தங்கத் தரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 1990களில் அமெரிக்காவின் 100 கிராம் சோதனையை ஒரே பெண்களுக்குச் சில நாள் இடைவெளியில் இருமுறை செய்து பார்த்த ஒரு சிறிய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு இரண்டு முடிவும் ஒத்துப்போகவில்லை. உடம்பு தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

லேப்பும் தன் பங்குக்குக் கெடுக்கும். எடுத்த ரத்தம் குழாயில் சும்மா இருக்கவில்லை. அதிலுள்ள ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் உள்ள ஃபுளூரைடு இதை நிறுத்தும் என்று நம்புகிறோம். அது முழுதாக வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தத்தைச் சேகரிப்பு மையத்தில் வைத்திருந்து பத்து மணிக்கு மேல் தலைமை லேப்புக்கு அனுப்பினால், நிஜத்தில் 96 இருந்தது 90க்குக் கீழே வந்து நிற்கலாம். பெண்ணுக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். சோதனைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: ரத்தத்திலிருந்து அணுக்களை இங்கேயே உடனே பிரிப்பீர்களா, ரத்தத்தை அப்படியே வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? அங்கேயே சோதிக்கும் லேப் இருந்தால் அங்கே போவது மேல்.

குளுக்கோஸ் பொடியும் கவனிக்க வேண்டியதுதான். சோதனை கேட்பது நீர் சேராத குளுக்கோஸ் 75 கிராம். கடையில் பொதுவாகக் கிடைப்பது மோனோஹைட்ரேட், அதில் 82.5 கிராம் எடுத்தால்தான் கணக்குச் சரியாகும். ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவை போட்ட பாக்கெட்டுகளில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கலாம், அவை வேண்டாம். குமட்டலுக்காக எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளச் சில இடங்களில் அனுமதிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின மூன்று நாள் வழக்கமான சாப்பாடு முக்கியம். சோதனை வருகிறதே என்று சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் முடிவு தாறுமாறாகும். குடித்தபின் உட்கார்ந்தே இருங்கள், கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வரக் கூடாது.

வேறு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் 50 கிராம், அதில் கூடினால் இன்னொரு நாள் 100 கிராம் என்று இரண்டு படியாகச் செய்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாதா என்றால், நம் பக்கத்துக்கு அது ஒத்துவராது என்றுதான் தோன்றுகிறது. ஹேப்போவிலேயே பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் சர்க்கரை இருந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேரைத்தான் வெறும் வயிற்று அளவு பிடித்தது, மற்றவர்கள் குளுக்கோஸ் குடித்தபின்தான் தெரிந்தார்கள். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி, கர்ப்பத்தில் ரத்த அணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் தானாகவே இறங்கும், இரும்புச்சத்துக் குறைந்தால் ஏறும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படியிருக்க இதை நம்பி ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆரம்ப மாதங்களில் ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இது உதவும்.

சென்சார் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

சிஜிஎம் என்று டாக்டர்கள் சொல்கிற இந்தச் சென்சாரில் மயிரிழை போன்ற ஓர் இழை தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்குப் போய் நிற்கிறது. அது தொடுவது ரத்தத்தை இல்லை, செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தை. இழையின் நுனியில் உள்ள நொதி அங்குள்ள குளுக்கோஸோடு வினைபுரிந்து உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தை எண்ணாக மாற்றி, ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் ஏறியது இங்கே தெரிய ஐந்து பத்து நிமிடம் பிந்தும். வகையைப் பொறுத்துப் பத்து முதல் பதினைந்து நாள் வேலை செய்யும்.

இதன் அழகு, நிஜ வாழ்க்கையைப் பார்ப்பது. 75 கிராம் குளுக்கோஸை யாரும் காலை உணவாகக் குடிப்பதில்லை. இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, மத்தியானச் சோற்றுக்கு எவ்வளவு, ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதெல்லாம் சென்சாரில்தான் தெரியும். ஒருநாள் காலையை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைவிடப் பத்து நாளைப் பார்ப்பது மேல் என்ற வாதத்தை மறுக்க முடியாது.

ஆனால் குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனையில் எல்லாரும் ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள். சென்சாரில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கேள்வித்தாளை எடுத்துக்கொள்கிறார்கள். போனில் எண் தெரிந்தவுடன் மூன்றாம் நாளே சோற்றைக் குறைத்து, பழத்தை நிறுத்தி, சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பத்து நாளும் வரைபடம் அழகாக இருக்கும், பெண்ணுக்குச் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடும். சென்சார் கழன்ற மறுவாரம் சாப்பாடு பழையபடி. ஆராய்ச்சியாளர்கள் இதனால்தான் எண்ணை மறைத்துவைக்கும் சென்சாரைப் பயன்படுத்துகிறார்கள். கடையில் நீங்கள் வாங்குவது அதுவல்ல.

துல்லியத்துக்கு வருவோம். நல்ல சென்சார்களிலேயே சராசரிப் பிழை 8, 9 சதவீதம் வாக்கில் இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு 210ஐ 195 என்று காட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது. கர்ப்பத்திலோ நாம் பேசுவது 92க்கும் 88க்கும் உள்ள வித்தியாசம். 8 சதவீதப் பிழை என்றால் 92 என்பது 85 ஆகவும் தெரியலாம், 99 ஆகவும் தெரியலாம். பல நாள் சராசரி எடுத்தால் அங்குமிங்கும் ஆடும் பிழை குறையும் என்பது சரி. ஆனால் ஒரு சென்சார் தொடக்கத்திலிருந்தே தாழ்வாகவோ உயர்வாகவோ காட்டுகிறது என்றால் பத்து நாளும் அப்படியேதான் காட்டும். குளுக்கோமீட்டருக்கும் பிழை உண்டு, டிப்சி முறையில் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், உண்மைதான். அங்கே 140ஐ ஒட்டி வருகிற முடிவை லேப்பில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சென்சார் ஒட்டிய கையின்மேல் அழுத்திப் படுத்தால் அங்கே திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை இறங்கியதாகப் பொய்யாகக் காட்டும். ஆறாம் மாதத்துக்கு மேல் இடப்பக்கம் சாய்ந்து படு என்று எல்லாரும் சொல்வார்கள். இடக்கையில் ஒட்டியிருந்தால் ராத்திரி முழுக்க அலாரம் அடித்துக்கொண்டிருக்கும். வலக்கையில் ஒட்டச் சொல்லுங்கள். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சில சென்சார்களில் எண்ணைக் கூட்டியும் காட்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். பெரிய குறை முதலில் சொன்னதுதான். சென்சார் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் எண்களைத் தருகிறது. அவற்றில் எதைப் பார்ப்பது? சராசரியா, ராத்திரி அளவா, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் உச்சமா, 140க்கு மேல் இருந்த நேரமா? அந்த நேரம் எவ்வளவு இருந்தால் நோய்? 63 முதல் 140 வரையிலான எல்லைக்குள் நாளில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2019இல் ஒரு சர்வதேச உடன்பாடு சொன்னது. அது டைப் 1 சர்க்கரை, அதாவது இன்சுலின் அனேகமாகச் சுரக்காத வகை, உள்ள கர்ப்பிணிகளுக்கு. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அதே உடன்பாடு ஒதுங்கிக்கொண்டது. இணையத்தில் பலர் அந்த 70ஐ எடுத்து, ‘எனக்கு 90 இருக்கிறது, அப்போ சர்க்கரை இல்லை’ என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த எண் சிகிச்சையில் இருப்பவர்கள் எட்ட வேண்டிய இலக்கு, நோய் இருக்கிறதா என்று பிரிக்கும் கோடு இல்லை. நோய் இல்லாத கர்ப்பிணிகளின் சர்க்கரை நாம் நினைப்பதைவிட மிகத் தாழ்வாக இருக்கும். 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வெறும் வயிற்றில் 71, சாப்பிட்டு ஒரு மணியில் 109, இரண்டு மணியில் 99 என்று வந்தது. இவ்வளவு தாழ்ந்த இயல்புநிலையிலிருந்து கொஞ்சம் விலகியவர்களைப் பிரித்தெடுக்க 63–140 என்ற அகலமான வலை உதவாது.

சீக்கிரமே தெரிந்துவிடுமா?

சென்சாரின் உண்மையான ஈர்ப்பு இங்கேதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கிளாம் என்ற பெயரில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. 700க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் ஆரம்ப மாதங்களிலிருந்தே எண் தெரியாத சென்சாரை அணிந்தார்கள். பிற்பாடு 24–28 வாரத்தில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த பெண்களுக்கு, நான்காம் மாதம் பிறக்குமுன்பே சராசரி கொஞ்சம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதாவது ஆறாம் மாதத்தில் ‘வந்தது’ என்று நாம் சொல்வது பலருக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் கலந்தே கிடக்கின்றன. சராசரியில் வித்தியாசம் தெரிவதும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் ‘உங்களுக்கு உண்டு’ என்று சொல்ல முடிவதும் ஒன்றில்லை.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டா என்பதற்கு 2023இல் டோபோகம் ஆய்வு பாதிப் பதில் தந்தது. ஆபத்து அதிகமுள்ள பெண்களில் 20 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியபோது குழந்தைகளுக்கு வந்த பாதிப்புகள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 ஆகக் குறைந்தன. பலன் உண்டு, பிரமாதம் என்று சொல்ல முடியாது. அங்கே சர்க்கரையைக் கண்டுபிடித்ததும் குளுக்கோஸ் தண்ணீரை வைத்துத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோட்டைத் தாழ்த்தி அதிகம் பேரைப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். நியூசிலாந்தில் 4,061 பெண்களை இரண்டாகப் பிரித்துத் தாழ்ந்த கோட்டையும் உயர்ந்த கோட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. தாழ்ந்த கோட்டில் 15.3 சதவீதம், உயர்ந்த கோட்டில் 6.1 சதவீதம் பேர் சர்க்கரைக்காரர்கள் ஆனார்கள். எடை கூடிப் பிறந்த குழந்தைகள் 8.8, 8.9 சதவீதம், அனேகமாகச் சமம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது சிகிச்சைக்குப் பலன் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடே இல்லாத ஒரு கருவியை எல்லார் கையிலும் ஒட்டினால், கொஞ்சம் ஏறினாலே பயந்து பட்டினி கிடக்கும் கர்ப்பிணிகள்தான் அதிகமாவார்கள் என்பது என் பயம்.

செலவைப் பற்றி ஒரு வரி போதும். ஒரு சென்சார் நான்கைந்தாயிரம் ரூபாய் வாக்கில் விற்கிறது. ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம் நடக்கும் மாநிலத்தில் சில ரூபாய் குளுக்கோஸ் பொடியையும் ஒரு ஸ்ட்ரிப்பையும் இதனால் மாற்ற முடியாது.

யாருக்கு எது

வழக்கமான கர்ப்பம், குளுக்கோஸைக் குடிக்க முடிகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் பார்ப்பவர்கள் அங்கே செய்யும் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் சர்க்கரை, உடல் பருமன், முந்தின குழந்தை நான்கு கிலோ என்று ஏதாவது இருந்து, முடிவும் 130களில் வந்தால், வெறும் வயிற்றோடு ஒருமுறை மூன்று ஊசிச் சோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் குளுக்கோஸ் தண்ணீரே கூடாது. அது சட்டென்று குடலுக்குள் இறங்கி மயக்கம், படபடப்பு, பின்பு சர்க்கரை வீழ்ச்சி என்று படுத்திவிடும், முடிவும் அர்த்தமில்லாமல் போகும். எத்தனை முறை குடித்தாலும் வாந்தியாகிறவர்களுக்கும் வேறு வழி வேண்டும். இவர்களுக்குச் சென்சார் நல்ல மாற்று. பணம் இடித்தால் குளுக்கோமீட்டரே போதும்: ஒரு வாரம், வெறும் வயிற்றிலும் மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் குத்திப் பார்த்து எழுதி வாருங்கள். வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு இரண்டு மணியில் 120 என்ற சிகிச்சை இலக்கை அடிக்கடி தாண்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். எதைச் செய்தாலும் அந்த வாரம் வழக்கமான சாப்பாட்டை மாற்றாதீர்கள், சாப்பிட்டதைக் குறித்து வையுங்கள். சென்சார் ஒட்டிய முதல் நாள் எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தின கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மூன்றாம் மாதத்திலேயே சென்சார் ஒட்டிப் பார்க்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். ஏறியிருந்தால் டாக்டரிடம் சீக்கிரம் போக அது ஒரு காரணம். ஏறவில்லை என்பதற்காக ஆறாம் மாதச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை இருப்பது உறுதியானபின் கதை வேறு. டைப் 1 சர்க்கரை உள்ள கர்ப்பிணிகள் சென்சார் அணிந்தபோது, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 43 சதவீதத்திலிருந்து 27 ஆகக் குறைந்தார்கள் என்று 2017இல் கான்செப்ட் ஆய்வு காட்டியது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. இருந்தாலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கும், எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று பிடிபடாமல் தவிக்கிறவருக்கும் ஒரு சென்சார் செலவு வீணில்லை.

என் கருத்து மாற என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கோ மாம்ஸ் என்ற பெயரில் 2,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துத் திட்டமிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் பல கட்டங்களில் சென்சாரையும் குளுக்கோஸ் தண்ணீரையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து ஒரு கோடு வர வேண்டும். அந்தக் கோட்டை வைத்துச் சிகிச்சை கொடுத்தால் குழந்தைகளுக்கு நல்லது நடக்கிறது என்று இன்னொரு ஆய்வு காட்ட வேண்டும். நம் பெண்களிடமும் அது செல்லுபடியாக வேண்டும். ஹேப்போவின் 15 மையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை, இரண்டாவது முறையும் அப்படி ஆகக் கூடாது.

சென்சாரால் மாற்ற முடியாத இன்னொரு சோதனை பிரசவத்துக்கு அப்புறம் வருகிறது. ஆறாவது வாரத்தில் வெறும் வயிற்றோடு மறுபடியும் 75 கிராம். அப்போது கோடுகள் வேறு: வெறும் வயிற்றில் 126, இரண்டு மணியில் 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இரண்டு மணியில் 140க்கும் 200க்கும் நடுவில் என்றால் அதன் வாசலில் நிற்பதாக அர்த்தம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அதே வாரம்தான் அது. அன்று காலை சாப்பிடாமல் போனால் ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.